வில்லிசை கேசட்டை யாரிடம் கொடுப்பது? குமரி மாவட்ட டிஜிட்டல் மாற்றுக் கடைகள் பற்றி ஒரு கறாரான மதிப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் பழைய வீடியோ கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டூடியோக்கள். மூலையில் கேசட் ஓட்டும் ஒரு டெக், அதிலிருந்து ஒரு வயர், படத்தைப் பிடிக்க கம்ப்யூட்டரில் செருகிய ஒரு யு.எஸ்.பி. குச்சி. தாலி கட்டு பார்க்க இது போதும். கோயில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லிசை, ஒரு புலவரின் பேட்டி, தக்கலையில் பீர் முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடியது, சர்ச் பாடகர் குழுவின் கீர்த்தனை என்று வந்தால் போதாது. கல்யாண கேசட்டில் முகம் தெரிந்தால் வீட்டுக்காரர் திருப்தியாகிவிடுவார். இவற்றில் காதுக்கு வேலை அதிகம். அந்தக் கடைகள் கோட்டை விடுவதும் ஒலியில்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மினி டி.வி. எனப்படும், டிஜிட்டலாகப் பதியும் சின்னக் கேசட் என்றால் உள்ளூர் ஸ்டூடியோவே சிறந்தது, வெளியூர் போக வேண்டியதில்லை. வி.எச்.எஸ். எனும் பழைய பெரிய வீடியோ கேசட் என்றால், கீழே வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடையில் மட்டும் கொடுக்கலாம். பூசணம் பிடித்த கேசட்டை உள்ளூர்க் கடையிலும் கொடுக்க வேண்டாம், வீட்டிலும் ஓட்ட வேண்டாம்.

பூசணத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் நம் ஊர் மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் இங்கே பெய்கின்றன; குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. மதுரையில் பீரோவுக்குள் முப்பது வருடம் சும்மா கிடந்த கேசட் பிழைத்திருக்கும். இங்கே அதே கேசட் நரைத்திருக்கும். பார்ப்பது எளிது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக ரீல் சுற்றின் பக்கவாட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ரீல் கறுப்பாக, ஒரே மட்டமாகப் பளபளக்கும். பூசணம் பிடித்தது வெள்ளையாகவோ சாம்பலாகவோ நூல் நூலாக, பொடி தூவியது போல இருக்கும். ஓரத்திலுள்ள சின்னப் பித்தானை அமுக்கினால் முன் மூடி தூக்கும். உள்ளே ரீலின் முகத்தையும் பார்த்துவிடலாம், கை மட்டும் படக் கூடாது. அப்படிப்பட்ட கேசட்டை ஓட விட்டால் பொடி, ரீலைப் படிக்கும் ஹெட்டில் அப்பும், படம் முழுக்கப் புள்ளியாகும், அதே டெக்கில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும்.

ஆகவே கடையை எடைபோட முதல் சோதனை இது: கேசட்டை நீட்டியதும் கடைக்காரர் என்ன செய்கிறார்? ஜன்னலைப் பார்த்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, எந்த வருடத்துப் பதிவு என்று கேட்டால் உட்காரலாம். வாங்கிய கையோடு டெக்கில் தள்ளினால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

இரண்டாவது, டெக். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது எந்தக் கடையில் இருப்பதும் பழைய டெக்தான்; அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஹெட்டை எப்படித் துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம், நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஹெட்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை டிரம்மில் ஒட்டிப் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பஞ்சு இழை சிக்கி அதுவும் போகும். 'க்ளீனிங் கேசட் போடுவோம்' என்பது அரைப் பதில். 'எதுக்குத் துடைக்கணும், நல்லாத்தான ஓடுது' என்பது முழுப் பதில், வாசலைப் பார்க்கலாம்.

ரீல் அறுந்திருந்தால் சிலர் செலோடேப் ஒட்டித் தருகிறார்கள். கோந்து உருகி ஹெட்டில் படியும். அந்த இடத்தை டெக்கில் ஓட விடவே கூடாது. அதற்கென்று உள்ள ஸ்பிளைசிங் டேப்பை ரீலின் பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். கேசட் கூடு உடைந்திருந்தால் கவலையே இல்லை: அடியில் ஐந்து ஸ்குரூ, கழற்றி ரீலை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். இது தெரிந்த பழைய டெக் மெக்கானிக்குகள் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலையில் ஸ்டூடியோக்காரரை விட அவர்கள் கை சுத்தம்.

இனி பிடிப்பு, அதாவது ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

நம் நாட்டு வீடியோ, பால் (PAL) என்ற முறை: நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து நொடிக்கு 50. இதை அப்படியே 720க்கு 576 என்ற அளவில் வாங்க வேண்டும். பல கடைகளில் டெக்கின் படம் வரும் மஞ்சள் பின்னிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை இடையில் வைத்து 1080 என்று பிடிக்கிறார்கள். பார்க்கக் கூர்மையாகத் தோன்றும். ஆனால் மலிவான பெட்டிகள் பல 50 ஃபீல்டை 60 ஆக்கி வெளியே விடும். இடையிடையே ஃபிரேம் இரட்டிக்கும். பேட்டியில் இது தெரியாது. வில்லிசையில் உடனே தெரியும். புலவர் வீசுகோலை ஓங்கி நாணில் அடிக்கும் இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோல் ஒரே சீராக இறங்க வேண்டும். ஒரு கணம் நின்று, பிறகு தாவினால் 60 ஆக்கிய கோளாறு. முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது. இரண்டாவதைப் பிற்பாடு திருத்தலாம், முதலாவதைத் திருத்துவது கஷ்டம்.

படத்தின் மேல் விளிம்பு கொடி போல வளைந்து ஆடினால், கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இல்லை என்று பொருள். அது உள்ளே அமைந்த டெக்குகள் உண்டு, பானாசோனிக் எஃப்.எஸ். 200 ஒன்று. விலை கூடுதல், கிடைப்பதும் அரிது. அதற்கு ஏழைகளின் வழி ஒன்று இருக்கிறது: பானாசோனிக் டி.எம்.ஆர். இ.எஸ். 10 அல்லது 15 என்ற பழைய டி.வி.டி. ரெக்கார்டரை டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வைத்து, பதிவு செய்யாமல் சிக்னலை மட்டும் அதன் வழியே விட்டால் ஆட்டம் பெருமளவு நிற்கும். இந்த ஏற்பாடு ஒரு கடையில் இருந்தால், மற்றக் குறைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி நேர கேசட்டில் ஒலியும் படமும் விலகிப்போவதும் வழக்கமான புகார். யு.எஸ்.பி. குச்சி இடையில் சில ஃபிரேம்களைத் தவறவிடும், ஒலி மட்டும் தொடர்ந்து ஓடும். ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். பத்து விட்டால் கிட்டத்தட்ட அரை நொடி. சரிபார்க்க வில்லிசையை விட நல்ல கருவி கிடையாது. முதல் ஐந்து நிமிடத்தில் வீசுகோல் நாணில் படும் ஒரு அடி, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு அடி. இரண்டிலும் கோல் படும் ஃபிரேமிலேயே சத்தம் கேட்க வேண்டும். கடையை விட்டு இறங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் 'உங்க கம்ப்யூட்டர் ஸ்லோ' என்பார்கள்.

ஒலிக்கு வருவோம். வி.எச்.எஸ். ரீலின் ஒரு ஓரத்தில் சாதாரண ஒலித்தடம், மறு ஓரத்தில் டிராக்கிங்கை (ஹெட் படத்தின் தடத்தைச் சரியாகத் தொடர்வதை) கட்டுப்படுத்தும் தடம். ஓரம் மடங்கிய ரீலில் சத்தம் அலைவதும் படம் கிழிவதும் அதனால்தான். சாதாரணத் தடத்தில் பத்து கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்தக் கொஞ்ச நஞ்சத்தில்தான் ஜாலராவும் வில்லில் கட்டிய மணிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடைக்காரர் 'இரைச்சல் நீக்கி' தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோடு சேர்ந்து மணியும் போகும். மிச்சம் இருப்பது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற குரல். இரைச்சலை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், போன மணி திரும்பாது. குடத்தில் ஓங்கித் தட்டும்போதெல்லாம் பாட்டுச் சத்தம் அமுங்கி மெல்ல மேலே வருவது கேமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு செய்த வேலை. அது பதிவிலேயே உள்ளது, கடையைக் குறை சொல்ல வேண்டாம்.

பேட்டிகளில் வேறொரு சிக்கல். காலர் மைக் ஒரு சேனலில், கேமராவின் சொந்த மைக் இன்னொன்றில் என்று பதிந்திருப்பார்கள். கடையில் இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால் பெரியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலிக்கும். இடது வலது இரண்டையும் கலக்காமல், 48 கிலோ ஹெர்ட்ஸ் சுருக்கப்படாத ஒலியாகக் கேட்டு வாங்குங்கள். காலர் மைக் சேனலை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கொடை வீடியோக்களின் பெரிய துயரம், எடிட்டிங்கில் வில்லிசைக்கு மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடியது. மிக்சிங் ஆன பிரதியில் பழைய ஒலியை மீட்க வழியில்லை. ஆனால் மாஸ்டர் கேசட் ஹை-ஃபை வகைக் கருவியில் பதிவாகி, பிற்பாடு அதே கேசட்டில் 'ஆடியோ டப்' (படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றிப் பதிவது) செய்திருந்தால், புதுப் பாட்டு ஓரத்துச் சாதாரணத் தடத்தில் மட்டுமே விழுந்திருக்கும். படத்தோடு பதிந்த ஹை-ஃபை தடம் அடியில் பத்திரமாக இருக்கும். ஹை-ஃபை டெக்கில் போட்டு ஒலித் தேர்வை மாற்றினால் வில்லிசை கேட்கும். இதற்காகவே, கோயில் கமிட்டியிடம் உள்ள பிரதியை விட, வீடியோ எடுத்தவர் வீட்டுப் பரணில் கிடக்கும் மாஸ்டரைத் தேடுவது மேல். ஒவ்வொரு பிரதிக்கும் நிறம் வழிந்து, கோடு மங்கிக்கொண்டே போகும் என்பதும் இன்னொரு காரணம்.

எண்பதுகளில் டி.வி.யிலிருந்து பதிந்த கேசட்டுகளுக்கு ஒரு சலுகை கொடுக்க வேண்டும். 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியை உயர்ந்த ஆன்டெனா போட்டுப் பிடித்த காலம் அது. படத்துக்குப் பக்கத்தில் நிழல் உருவமும் மேலே புள்ளி மழையும் பதிவின் பகுதி. எந்தக் கடையாலும் போக்க முடியாது, போக்குகிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம். அதே கணக்கில்தான் '4கே ஆக்கித் தருகிறோம்' என்பதும். வி.எச்.எஸ்.ஸில் இருப்பது சுமார் 240 கோடு அளவு விவரம். இல்லாத விவரத்தை மென்பொருள் தானாகக் கற்பனை செய்யும். எழுபது வயதுப் புலவருக்கு மெழுகுப் பொம்மை முகம் வரும். ஆசைக்கு ஒரு தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம், மூலப் பிரதியில் கை வைக்க விடக் கூடாது.

எந்தக் கோப்பாக வாங்குவது? கடைகளின் வழக்கம் டி.வி.டி. அல்லது சின்ன எம்.பி.4. நான்கு மணி நேரத்தை ஒரே 4.7 ஜி.பி. டிஸ்கில் அமுக்கினால் ஆட்டக்காரர் திரும்பும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். எழுதும் டிஸ்க்குகள் நம் ஊர் ஈரத்தில் நிலைப்பதும் இல்லை. மூலப் பிரதியை எஃப்.எஃப்.வி. 1 அல்லது ஹஃப் ஒய்.யு.வி. போன்ற இழப்பில்லா வடிவில் கேளுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜி.பி. ஆகும், மூன்று மணி நேர இ-180 கேசட்டுக்கு 90 ஜி.பி. பென் டிரைவ் எடுத்துப் போவதில் பயனில்லை, ஹார்டு டிஸ்க் வேண்டும். பார்க்கவும் பகிரவும் தனியாக ஒரு எம்.பி.4, 5 எம்.பி.பி.எஸ். அளவில் மணிக்கு இரண்டேகால் ஜி.பி. வரும். பென் டிரைவில் வாங்கினால் ஃபேட் 32 ஆக ஃபார்மட் செய்ததா என்று பாருங்கள், 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பு அதில் ஏறாது. 'பாதியோடு நின்னுட்டு' என்ற புகார்களில் பல இதனால்தான். படம் 4:3 விகிதத்தில் பக்கவாட்டில் கறுப்புப் பட்டையோடு இருக்க வேண்டும். டி.வி. நிறைய இழுத்துத் தந்தால் குடம் அண்டாவாகும், பாடகர் பருப்பார்.

மினி டி.வி.க்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. ரீலில் இருப்பதே டிஜிட்டல் தரவு. அந்தத் தரவை அப்படியே கடத்தும் ஃபயர்வயர் இணைப்பு வழியே நகலெடுத்தால் மணிக்குச் சுமார் 13 ஜி.பி., ஒரு துளி தரம் குறையாது. கல்யாண ஸ்டூடியோக்களில் பானாசோனிக் எம்.டி. 10000 கேமராவும், ஃபயர்வயர் துளையுள்ள பழைய கம்ப்யூட்டரும் இன்னும் ஓடுகின்றன; இந்த வேலையில் உள்ளூர்க் கடைகளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: மஞ்சள் பின் வழியாக எடுக்கவில்லையே?

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் சின்னக் கேசட்டுகளுக்கு உள்ளூரில் கருவி கிடைப்பது கஷ்டம். சோனி டிஜிட்டல் 8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய அனலாக் 8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயரில் டிஜிட்டலாகவே தரும். அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வி.எச்.எஸ். கேசட் நம் டெக்கில் ஓடி, கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக வந்தால் கேசட் கெட்டுவிடவில்லை; அது என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க வீடியோ முறை, கடையின் குச்சிக்கு அது புரியவில்லை.

வெளியூர் லேபுக்கு எப்போது அனுப்பலாம்? பூசணம், தண்ணீரில் நனைந்தது, யூ-மேட்டிக் அல்லது பீட்டாகேம் போன்ற டி.வி. நிலையத்து வடிவங்கள். இவற்றுக்கு மட்டும். ரீலை ஒரு ஓரத்துக்கு முழுதாகச் சுற்றி (பூசணம் என்றால் சுற்றாமல் உள்ளபடியே), நிறுத்திவைத்த நிலையில், ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் பொதியுங்கள். எக்ஸ்ரேயால் கேசட்டுக்கு ஆபத்து இல்லை. ஸ்பீக்கர் காந்தம்தான் எதிரி. அனுப்பும் முன் ஸ்டிக்கர் ஒட்டும் பக்கத்தின் ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால், யாரும் தவறிக்கூட மேலே பதிய முடியாது. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்துவைப்பதும் அவசியம். திரையில் ஓடும் தேதியை நம்ப வேண்டாம், கேமராவில் தேதியைத் திருத்தாமலே பலர் எடுத்திருக்கிறார்கள்.

சொந்தமாக யு.எஸ்.பி. குச்சி வாங்கிச் செய்வது பற்றி: பேட்டிக் கேசட்டுக்குப் பரவாயில்லை, ஆட்டம் பாட்டுக்கு வேண்டாம். கூடவே தரும் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு விர்ச்சுவல்டப் 2 என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். தவறவிட்ட ஃபிரேம் எத்தனை என்று அது எண்ணிக் காட்டும். ஓ.பி.எஸ். என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் 1080, நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் என்ற அமைப்பை மாற்றாமல் விட்டுப் படத்தைக் கெடுக்கிறார்கள்.

கடைகளில் 'ஹைலைட்ஸ் வெட்டித் தரவா?' என்று கேட்பார்கள். வேண்டாம். எங்கே வெட்டுவது என்பது வில்லிசை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி என்று பாட்டே வெட்டும் இடங்களைக் கையில் தருகிறது. முத்துப்பட்டன் கதையின் ஒரு துண்டை வலையேற்றும்போது இந்தப் பகுதிகளில் எது என்று எழுதினால்தான் தேடுபவருக்குப் பயன். புலவர், குடம், உடுக்கை, இடப்பக்கம் பாடுபவர், கோயில், ஊர், வருடம், வீடியோ எடுத்தவர் எல்லாம் விவரத்தில் வர வேண்டும். சாமியாட்டம் தொடங்கும்போது கேமரா வில்லை விட்டுத் திரும்பும். படம் வேறெங்கோ இருந்தாலும் அந்த இடத்தில்தான் தாளம் மாறும், அதை வெட்டிவிடாதீர்கள். பேட்டியில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள மௌனத்தையும் அப்படியே விடலாம்.

வலையேற்றும் முன் பாடியவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுவிடுங்கள். நிகழ்த்துநர் உரிமை நம் சட்டத்தில் 50 ஆண்டு. எடிட்டிங்கில் போட்ட சினிமாப் பாட்டு உள்ளே இருந்தால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை அனுப்பும். இழப்பில்லாப் பெரிய கோப்பை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால் மூலக் கோப்பும் அப்படியே இருக்கும், யூடியூப்போ தன் பங்குக்குச் சுருக்கிவிடும். ஒரு பதிவை எப்படிப் பெயரிட்டு அடுக்குவது என்று பார்க்க பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ் யூடியூப் பக்கம் உதவும்.

கடைசியாக ஒரு நாள் கணக்கு. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை நெருங்கும்போதும், கல்யாண முகூர்த்த மாதங்களிலும் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கேமரா வேலை நெருக்கும். அப்போது கொடுத்தால் கேசட்டை ஓட விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள், டிராக்கிங் திருத்த ஆள் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மழை விட்ட மார்கழி இன்னும் நல்லது. அதுவரை கேசட்டை நிறுத்திவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, கடல் பக்கச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். சிலிக்கா ஜெல்லின் நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது. மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும்.